பெயரேட்டின் உரிமை

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை பெரியநீலாவணையைக் கடந்ததும், ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கும் இடம் இன்னதென்று வழிப்போக்கர் அறியாதவாறு, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று கடலோர ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டியே கிடக்கின்றன. கிழக்கே சமுத்திரம், மேற்கே வயல்வெளி; இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பிலேதான் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் வீட்டோடு வீடு நெருக்கிக் குடியிருந்து வருகின்றார்கள். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த பூகம்பம் எழுப்பிவிட்ட கடற்கோள் இம்மணற்பரப்பின்மீது ஏறி இறங்கியபோது, தப்பி ஓடுவதற்கு இடமும் இல்லை, அவகாசமும் இல்லை. நாடு முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களுள் 10,000க்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிரைப் பறிகொடுக்கவில்லை.

ஜனாஸாவைத் தாமதியாமல் நல்லடக்கம் செய்வது எமது மார்க்கம் விதித்த கடமை. அன்றைய நிலையில் அது சுகாதார நிர்ப்பந்தமாகவும் இருந்தது. ஆதலால், இன்னாரென்று அடையாளம் காணப்படாதோர் பலர் அடையாளம் இல்லாமலே மையவாடிக்குச் சென்றார்கள். உயிர் தப்பியோரோ பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் தூரத்து உறவினர் வீடுகளிலும் சிதறிப்போயிருந்தார்கள். உம்மா ஒரு முகாமிலும், வாப்பா வைத்தியசாலையிலும், பிள்ளைகள் பெயர் தெரியாத எவரோ ஒருவரின் அரவணைப்பில் வேறோர் ஊரிலும் இருந்த குடும்பங்கள் எத்தனையோ. சோற்றுக்கும் மருந்துக்கும் அடுத்தபடியாக அந்நாட்களில் ஜனங்கள் தேடி அலைந்தது ஒரு பெயர்ப் பட்டியலையே. அப்பியாசக் கொப்பித் தாள்களிலும், பள்ளிவாசல் சுவர்களில் ஒட்டிய காகிதங்களிலும், கிராம சேவகரின் கோவைகளிலும் பட்டியல்கள் இருக்கத்தான் செய்தன; ஆனால் ஒரு பட்டியலில் உள்ளதை மற்றொரு பட்டியல் அறியாது, ஒரு முகாமில் எழுதப்பட்ட பெயர் அடுத்த முகாமில் தேடுபவரின் கண்ணுக்கு எட்டாது.

பதிவேடு என்பது எத்துணைப் பெரிய விஷயம் என்பதற்குக் கல்முனை வைத்தியசாலையிலேயே ஒரு சாட்சியம் உண்டு. அலை ஒதுக்கிச் சென்ற கைக்குழந்தை ஒன்றை யாரோ எடுத்துவந்து அங்கே ஒப்படைத்தார்கள். அன்றைய தினம் அனுமதிக்கப்பட்டோருள் அது 81ஆவது என்பதால் அந்த இலக்கமே அதற்குப் பெயராயிற்று. அக்குழந்தைக்கு ஒன்பது தாய்மார் உரிமை கொண்டாடுகின்றார்கள் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. விசாரித்துப் பார்த்தால், முறைப்படி வழக்குத் தொடுத்து உரிமை கோரி நின்றது ஒரே தம்பதியர். மரபணுப் பரிசோதனை அவர்களையே பெற்றோர் என்று உறுதிப்படுத்த, 2005 பெப்ரவரி நடுப்பகுதியில் குழந்தை அவர்களிடம் சேர்ந்தது. ஏறக்குறைய ஏழு வார காலம் ஒரு தாய் தன் பிள்ளையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே நிரூபணம் தேடி நின்றாள். வதந்தியோ அவ்வேழு வாரத்தில் உலகத்தைப் பலமுறை சுற்றி வந்துவிட்டது.

இந்தப் பட்டியல் பிரச்சினையைத் தீர்ப்பதற்குக் கொழும்பில் சில இளைஞர்கள் அலை வந்த சில நாட்களுக்குள்ளேயே கணினியின் முன் அமர்ந்தார்கள் என்பதைக் கரையோரத்தில் அன்று அறிந்தவர் மிகச் சிலரே. இன்று அறிந்தவர்களும் அதிகம் பேர் இல்லை. 2003இல் தொடங்கப்பட்டிருந்த லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் என்ற ஸ்தாபனத்தைச் சார்ந்தும் அதற்கு வெளியிலிருந்தும் வந்த தொண்டர்கள் சேர்ந்து எழுதிய மென்பொருள், நிவாரணம் என்று பொருள்படும் சிங்களச் சொல்லால் ‘சகனா’ என்று பெயர் பெற்றது. சஞ்சீவ வீரவர்ண, சமிந்திர டி சில்வா, ரவீந்திர டி சில்வா, மிஃபான் கரீம், அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருந்த லூயீகா ராஷித் முதலியோரின் பெயர்கள் அதன் ஆரம்பச் சரித்திரத்தோடு இணைந்தவை. காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, எந்த நிறுவனம் எந்த ஊரில் எந்த வேலையைச் செய்கின்றது என்ற பதிவேடு, எங்கே எந்தப் பொருள் தேவை என்ற கோரிக்கைப் பதிவேடு ஆகியவையே அதன் அங்கங்கள். ஒரே ஊருக்கு மூன்று லொறி உடுப்பு வந்து சேர, அடுத்த ஊருக்குக் குடிநீர்ப் போத்தல்தானும் இல்லாமற் போன கதையை அனுபவித்தவர்களுக்கு, அந்நான்கு பதிவேடுகளின் பெறுமதியை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சகனாவை எழுதியவர்கள் அதைப் பூட்டி வைக்கவில்லை. அதன் மூலநிரலை, அதாவது கணினி என்ன செய்ய வேண்டும் என்று மனிதன் வாசித்து விளங்கத்தக்க வகையில் எழுதப்பட்ட கட்டளைத் தொடரை, உலகத்தில் எவரும் எடுத்துப் பார்க்கவும், தமக்கேற்பத் திருத்தவும், திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் பகிரங்கமாக அனுமதித்தார்கள். மருதமுனையில் தறி வைத்திருக்கும் ஒருவருக்கு இதன் தாற்பரியம் சட்டென்று விளங்கும். தறியின் எந்தப் பாகம் பழுதானாலும் நெசவாளி தானே அவிழ்த்துப் பார்க்கலாம். தச்சனை அழைத்து மிதியை மாற்றலாம். சாரத்துக்குக் கட்டிய பாவைச் சேலைக்கு ஏற்ப அமைக்கலாம். தான் கண்டுபிடித்த உத்தியை அயல்வீட்டுக்காரருக்குக் காட்டிக்கொடுக்கலாம். இதே தறியை இரும்புப் பெட்டிக்குள் அடைத்து, முத்திரையிட்டு, ‘நூலைக் கொடு, துணியை வாங்கிக்கொள், உள்ளே பார்க்காதே, வருஷந்தோறும் வாடகை கட்டு’ என்று ஒரு கம்பனி விற்குமாயின் அவ்வூரில் நெசவுத்தொழில் எந்தக் கதியை அடையும்? இன்று உலகில் பெரும்பான்மையோர் உபயோகிக்கும் மென்பொருள்கள் முத்திரையிட்ட பெட்டிகளே.

இப்பூட்டை எதிர்த்து எழுந்த இயக்கம் சுனாமிக்கு இருபது ஆண்டுகள் முந்தியது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் ‘க்னூ’ என்ற திட்டத்தை அறிவித்து, 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். எந்தக் காரியத்துக்கும் மென்பொருளை இயக்குதல், அது இயங்கும் விதத்தை ஆராய்ந்து திருத்துதல், பிரதி எடுத்து வழங்குதல், திருத்திய வடிவத்தைப் பகிர்தல் ஆகிய நான்கு சுதந்திரங்களை அவர் வகுத்தார். விலை இல்லாமை இவற்றுள் ஒன்றன்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் பேஸ்புக்கில் இந்நான்கில் ஒன்றேனும் இல்லை. விலை கொடுத்து வாங்கும் கட்டற்ற மென்பொருளில் நான்கும் இருக்கலாம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் இவ்வழியிலேயே வளர்ந்து, இன்று எமது இளைஞர் கையிலுள்ள அண்ட்ரோய்ட் கைபேசிகள் அனைத்தின் அடியிலும் இயங்கிக்கொண்டிருக்கின்றது. கட்டற்ற மென்பொருள் வேறெங்கோ கல்விமான்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர் தமது சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கலாம்.

பூட்டாமல் விட்டதன் பலன் உடனே தெரிந்தது. 2005 அக்டோபரில் காஷ்மீரையும் வடபாகிஸ்தானையும் நிலநடுக்கம் தாக்கியபோது, இலங்கையரின் துயரத்தில் பிறந்த அம்மென்பொருள் அங்கே போய்ச் சேர்ந்தது. 2006இல் பிலிப்பைன்ஸின் தெற்கு லெய்ட்டே மண்சரிவுக்கும் ஜாவாவின் யோக்யகார்த்தா பூகம்பத்துக்கும், 2007இல் பெருவுக்கும், 2008இல் சீனாவின் சிச்சுவானுக்கும், 2010இல் ஹெய்ட்டிக்கும் சென்றது. நியூயோர்க் மாநகரத்தின் அவசரகால நிர்வாகமும் புயற்காலப் புகலிடங்களை நிர்வகிப்பதற்கு அதை நாடியது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சகனாவுக்கு வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டில் அதே விருதைப் பெற்றது விக்கிப்பீடியா. ஓர் ஏழை நாட்டின் கைப்பொருள் செல்வந்த நாட்டின் தலைநகரங்களுக்குப் போவது எமது சரித்திரத்தில் புதிதன்று. ஏலமும் கறுவாவும் முத்தும் யானையும் போயிருக்கின்றன. ஆனால் போனபின்னும் எம்மிடமே முழுமையாக எஞ்சியிருந்து, போன இடமெல்லாம் திருத்தம் பெற்றுத் திரும்பி வந்த பொருள் இது ஒன்றே என்று கருதுகின்றேன்.

மூலநிரல் திறந்திருப்பதால் எம்மவருக்கு யாது பயன், கல்முனையில் எத்தனை பேர் அதை வாசிக்கப் போகின்றார்கள் என்று சிலர் கேட்கின்றார்கள். இதற்கு விடை எமது பெயர்களிலேயே இருக்கின்றது.

காணாமற்போனவரைத் தேடும்போது எழுத்துக்கு எழுத்து ஒத்த பெயரைத்தான் காட்டுவேன் என்று கணினி பிடிவாதம் பிடித்தால் அதனால் உபயோகம் இல்லை; அச்சத்திலும் அவசரத்திலும் எழுதிய பெயர்கள் ஒருபோதும் எழுத்துப் பிசகாமல் இரா. ஆகையால் ஒலியொற்றுமை பார்த்துத் தேடும் முறைகள் தோன்றின. அவற்றுள் பிரசித்தமானது சவுண்டெக்ஸ். 1918இல் அமெரிக்காவில் ரொபேர்ட் ரஸல் என்பவர் காப்புரிமை பெற்ற இம்முறை இன்றுவரை எத்தனையோ மென்பொருள்களில் வழங்கி வருகின்றது. பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரொலிகளைக் கைவிட்டு, எஞ்சிய மெய்யொலிகளை ஆறு கூட்டமாக்கி இலக்கமிடுவது அதன் வழி. முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதினாலும், எம் என்ற எழுத்தும் 530 என்ற இலக்கமும் கொண்ட ஒரே குறியீடு கிடைத்துவிடும்; ஆனால் எமது ஊர்களில் ஆண்களுட் பெரும்பாலோர் பெயரில் அந்நாமம் எங்கேனும் ஓரிடத்தில் இருப்பதால், அக்குறியீட்டைத் தேடினால் ஊர் முழுவதும் வந்து நிற்கும். ஜவ்பர் என்ற பெயரையோ சிலர் ஆங்கிலத்தில் ஜே என்று தொடங்குவர், சிலர் இஸட் என்று தொடங்குவர். முதலெழுத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளும் சவுண்டெக்ஸின் கண்ணுக்கு இவ்விருவரும் ஒருக்காலும் ஒருவராகார். அதே போலப் பாத்திமா என்று தமிழில் எழுதிய பெயரை இயந்திரம் பீ என்ற ஆங்கில எழுத்தால் பெயர்த்தால், எஃப் என்று தொடங்கும் பிறப்புச் சான்றிதழிலுள்ள அதே பெண்மணி வேறொருத்தியாகிவிடுகின்றாள். இதற்கு மேலாக, தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் தலைப்பெழுத்துகளாகச் சுருங்கி முன்னே நிற்கும் எமது வழக்கம் வேறு இருக்கின்றது. எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்று மேல்நாட்டுப் படிவம் கேட்கும்போது எழுதுவினைஞர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பிரித்து எழுதுகின்றார்.

தமிழிலேயே எழுதியிருந்தால் தீர்ந்திருக்குமோவெனின், அக்காலத்தில் அதுவும் இலகுவாக இருக்கவில்லை. எமது அச்சகங்களிலும் கணினிக் கடைகளிலும் அப்போது பெருவழக்காயிருந்த பாமினி என்ற எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இருப்பிடங்களிலே தமிழ் வடிவங்களை அமர்த்தியது. திரையிலே ‘உம்மா’ என்று அழகாகத் தெரியும்; கணினியின் நினைவிலோ சீ, கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளே இருக்கும். எழுத்துருவை மாற்றிய மறுகணமே தாயின் பெயர் பொருளற்ற கிறுக்கலாகும். அகரவரிசையில் அடுக்கவும் முடியாது, வேறு எழுத்துருவில் எழுதிய பட்டியலோடு ஒப்பிடவும் முடியாது. யூனிகோட் என்ற பொதுக்குறியீட்டில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அது எமது மேசைகளை வந்தடையப் பல ஆண்டுகள் சென்றன. அப்படி வந்தடைந்ததிலும், இ-கலப்பை போன்ற கட்டற்ற தட்டச்சுக் கருவிகளை ஊதியம் கருதாமல் எழுதி வழங்கிய தமிழ் இளைஞர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

இனி யோசித்துப் பாருங்கள்: ஜவ்பரின் ஜேயையும் இஸட்டையும் ஒன்றாகக் கருதும்படி ஒரு வரியைச் சேர்ப்பதற்குக் கல்முனையில் நூறு நிரலாளர் வேண்டியதில்லை, ஒருவர் போதும், அந்த ஒருவருக்கு உள்ளே கை வைக்கும் உரிமை இருந்தால். பூட்டிய மென்பொருளில் அவ்வுரிமை இல்லை. விண்ணப்பம் எழுதலாம், காத்திருக்கலாம். பதினாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள கம்பனியின் கணக்கில் எமது சந்தை சிறியது என்பதால் பதில் வராமலும் போகலாம். எம்மை எண்ணும் கருவி எம்முடைய பெயரைப் பிழையாக எண்ணினால் அதைத் திருத்தும் அதிகாரம் எம்மிடமே இருக்க வேண்டும் என்பதே மென்பொருட் சுதந்திரத்தின் சாரம் என்று நான் உறுதியாக நம்புகின்றேன்.

இத்தோடு இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லிவிட வேண்டும். நிரல் திறந்திருத்தல் வேறு, தரவு திறந்திருத்தல் வேறு. பெற்றோரை இழந்த பிள்ளை எந்த முகாமில் இருக்கின்றது என்ற விவரம் உலகமறியக் கிடந்தால் அப்பிள்ளைக்கு அதுவே ஆபத்து. ஆகவே பதிவேட்டின் பொறிமுறை பகிரங்கமாகவும், பதிவேட்டில் உள்ள பெயர்கள் பாதுகாப்பாகவும் இருத்தல் வேண்டும். மற்றது, திறந்துவிட்டால் மட்டும் மென்பொருள் தானாக வளராது. உலக இணையப் போக்குவரத்தின் பெரும்பகுதிக்குக் காவலாயிருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற மென்பொருளில் 2014இல் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பாரதூரமான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, அதை விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே, அற்ப நன்கொடையை நம்பிப் பராமரித்து வந்தார்கள் என்ற உண்மை வெளியாயிற்று. கோடிக்கணக்கில் இலாபம் ஈட்டிய கம்பனிகள் அதன்மீதே வியாபாரம் நடத்தியிருந்தன. பொதுக்கிணற்றில் தண்ணீர் அள்ளுபவர்கள் அதைத் தூர்வாரவும் கடமைப்பட்டவர்கள். அரசாங்கங்கள் இதற்குச் சம்பளம் ஒதுக்க வேண்டுமே தவிர, தொண்டர்களின் இரவுத் தூக்கத்தை நம்பியிருக்கலாகாது.

கடற்கோள் நடந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின், இம்மாவட்டத்தின் தலைநகரிலேயே, முத்திரையிட்ட பெட்டியொன்று என்ன செய்யக்கூடும் என்பதை நாங்கள் கண்ணாற் கண்டோம். 2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு அம்பாறை நகரத்தில் முஸ்லிம்கள் நடத்திய சாப்பாட்டுக்கடை ஒன்றில், கறியிற் கிடந்த கட்டியொன்றைக் காட்டி, ‘கருத்தடை மாத்திரை கலந்தாய் அல்லவா?’ என்று ஒரு கூட்டம் அதட்டிற்று. காசு மேசையிலிருந்தவருக்குத் தாய்மொழி தமிழ், சிங்களம் அரைகுறை. கேள்வி முழுவதும் விளங்காமல் நடுக்கத்தோடு அவர் உளறிய பதில் கைபேசியிற் படமாயிற்று. படம் பேஸ்புக்கில் ஏறிற்று. கடையும் அருகிலிருந்த பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி வெறும் மாவு என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். உண்டவரை மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று வைத்தியர்களும் சொன்னார்கள். அவற்றை யார் கேட்டார்கள்? மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தில் திகனையும் தெல்தெனியாவும் பற்றி எரிந்தன.

அந்நாட்களில் சிங்களத்தில் எழுதப்பட்ட கொலை அழைப்புகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, அவை கம்பனியின் விதிகளை மீறவில்லை என்ற மறுமொழி சில நாட்களின் பின் வந்தது என்று கொழும்பிலுள்ள சிவில் அமைப்புகள் மார்க் ஸக்கர்பேர்க்குக்குப் பகிரங்கக் கடிதமே எழுதின. இலட்சக்கணக்கான இலங்கையரை வாடிக்கையாளராகக் கொண்ட கம்பனியில், அவர்களுடைய பாஷையை வாசிக்கத் தெரிந்த பரிசோதகர் அன்று போதிய தொகையில் இருக்கவில்லை. 2018இல் தனது மேடை துர்ப்பிரயோகம் செய்யப்பட்டமைக்காக அக்கம்பனி 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரிற்று. எரிந்த கடைக்கும் உடைந்த பள்ளிக்கும் அம்மன்னிப்பு எவ்வளவு தூரம் ஈடாகும் என்பதை இழந்தவர்களே சொல்ல வேண்டும்.

பேஸ்புக்கின் நிரல் திறந்திருந்தால் அம்பாறையில் வதந்தி பரவியிராது என்று நான் வாதிக்கவில்லை. வதந்தி மனிதன் நாவிலே பிறப்பது. 81ஆம் இலக்கக் குழந்தையின் ஒன்பது தாய்மாரைப் படைத்தவை அச்சுப் பத்திரிகைகள்தாம். ஆயினும் ஒரு வித்தியாசம் உண்டு. பத்திரிகையில் வந்த செய்தியை எல்லாரும் ஒரே விதமாகக் காண்கின்றார்கள்; மறுப்பும் அதே பக்கத்தில் வரக்கூடும். பேஸ்புக்கிலோ யாருக்கு எதைக் காட்டுவது, எதை மேலே தூக்குவது, எந்த முறைப்பாட்டை யாரிடம் அனுப்புவது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் விதிகளை இந்நாட்டில் ஒருவரும் வாசித்ததில்லை. பாராளுமன்றமும் வாசித்ததில்லை, நீதிமன்றமும் வாசித்ததில்லை. ஒரு சமூகத்தின் உயிருக்கு உலை வைக்கத்தக்க தீர்மானங்களை எடுக்கும் பொறிமுறை, அச்சமூகத்தின் ஆய்வுக்கு அப்பாற்பட்டிருப்பது அநீதி.

அரசாங்கம் கண்ட பரிகாரமோ கதவையே சாத்துவதாக இருந்தது. 2018 மார்ச் 7 முதல் ஏறக்குறைய ஒரு வாரம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவை முடக்கப்பட்டன. 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆந் திகதி மக்கள் போராட்டத்தின்போதும் இதே கைங்கரியம் திரும்ப நடந்தது. கணவன் கட்டாரிலும் மகன் சவூதியிலும் உழைக்க, இரவு தொழுகைக்குப் பின் வட்ஸ்அப்பில் அவர்கள் குரலைக் கேட்டே நாளை முடிக்கும் பெண்கள் எமது கரையோரத்தில் வீட்டுக்கு வீடு இருக்கின்றார்கள். ஊரில் கலவரம் என்று செய்தி பரவிய இரவில், ‘நாங்கள் பத்திரமாக இருக்கின்றோம்’ என்ற ஒரு வார்த்தையை அனுப்ப வழியில்லாமற் போனது அவர்களுக்குத்தான். தீ வைக்கப் புறப்பட்டவன் வேறு வழியைத் தேடிக்கொண்டான். தடையைத் தாண்டும் செயலிகளை இயக்குவது எப்படியென்று இளைஞர்கள் ஒரு நாளிலே கற்றுக்கொண்டார்கள். தண்டனை அனுபவித்தது, கற்றுக்கொள்ளாத மூத்த தலைமுறை.

அதன்பின் 2024 ஜனவரி 24ஆந் திகதி நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம், எது பொய்யான கூற்று என்று கொள்ளவும், அதை நீக்கும்படி பணிக்கவும் அதிகாரம் அளித்தது. அம்பாறையில் அவதிப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில், வெறுப்புப் பேச்சைத் தடுக்கச் சட்டம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கம்பனியின் இரகசிய விதியை நீக்கிவிட்டு ஐந்து பேரின் விருப்பத்தை அவ்விடத்தில் அமர்த்துவதால் சாதாரணப் பிரஜைக்குக் கிட்டுவது யாது? இரண்டிலும் தீர்மானம் எங்கோ எடுக்கப்படுகின்றது. அதன் நியாயத்தைக் கேட்டு ஆராயும் வாய்ப்பு அவனுக்கு எளிதில் இல்லை. அதிகாரம் படைத்தவர்கள் சிறுபான்மையோரின் பாதுகாப்பை முன்னிறுத்திச் சட்டம் இயற்றி, அச்சட்டத்தை விமர்சகர்கள் மேல் பிரயோகித்த உதாரணங்கள் உலகில் நிரம்ப உண்டு.

இவ்விரு அனுபவங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு வரப்போகும் ஒரு காரியத்தை நோக்க வேண்டும். இலங்கையர் ஒவ்வொருவருக்கும் விரலடையாளத்தோடும் முகப்படத்தோடும் கூடிய டிஜிட்டல் அடையாளம் வழங்கும் திட்டத்துக்கு இந்தியா மானியம் அளிக்க முன்வந்துள்ளது. அதற்கு ஆதாரமாக மொசிப் என்ற மென்பொருள் தெரிவு செய்யப்பட்டிருக்கின்றது. பெங்களூரிலுள்ள சர்வதேச தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் 2018இல் தொடங்கி, மொரோக்கோவும் பிலிப்பைன்ஸும் முதலில் ஏற்றுக்கொண்ட இம்மென்பொருள் திறந்த மூலத்தது என்பது மகிழ்ச்சிக்குரியது. பூட்டிய பெட்டியை வாங்கி எந்நாளும் ஒரே வியாபாரியின் தயவில் நிற்கும் அவலம் இதனால் தவிர்க்கப்படலாம். ஆனால் நிரல் திறந்திருக்கின்றது என்ற ஒன்றைக் கொண்டே திருப்தியடைய முடியாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியும், அதன் பிரதான ஏற்பாடுகள் அமுலுக்கு வரும் திகதி தள்ளிப்போடப்பட்டது. பல தசாப்தங்கள் யுத்தத்தைக் கண்ட ஒரு நாட்டில், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்ற ஞாபகம் மறையாத கிழக்கு மாகாணத்தில், ஒரு மனிதனின் முழு விவரமும் ஒரு விரல் தொடுகையில் அதிகாரியின் முன் விரியும் என்றால், அவ்வதிகாரி எப்போது எதற்காக அதை விரித்தார் என்பதும் அம்மனிதனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இது நடவாத காரியமன்று. பால்டிக் கடலோரச் சிறிய நாடாகிய எஸ்தோனியாவில் அரசாங்கத் திணைக்களங்களின் பதிவேடுகளை இணைக்கும் எக்ஸ்-ரோட் என்ற அமைப்பு 2001இல் இயங்கத் தொடங்கிற்று. 2016இல் அதன் மூலநிரலும் பகிரங்கமாக்கப்பட்டது. அங்கே ஒரு பிரஜை தனது பதிவுகளை எந்தத் திணைக்களம் எந்த நாளில் பார்த்தது என்று தானே இணையத்திற் கண்டறியலாம். நியாயமின்றிப் பார்த்தவரைக் கேள்வி கேட்கலாம். கல்முனைப் பிரதேச செயலகத்துக்கு வரும் ஒரு மூதாட்டி, கைபேசி இல்லாதவராயினும், அதே விவரத்தைத் தமிழில் அச்சிட்டுக் கேட்டுப் பெறும் ஏற்பாடு அடையாளத் திட்டத்தின் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும் என்று எமது பாராளுமன்ற உறுப்பினர்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இப்போதே வற்புறுத்த வேண்டும். பெயர் தேடும் பகுதியில் ஜவ்பரும் பாத்திமாவும் எந்த எழுத்துக்கூட்டில் வந்தாலும் அகப்படுகின்றார்களா என்று, திட்டம் கிழக்குக்கு வருமுன்னரே எமது பிறப்புப் பதிவுகளின் மாதிரிகளைக் கொண்டு சோதித்துக் காட்டும்படி கேட்க வேண்டும். சோதித்துப் பிழை கண்டால் திருத்தி அனுப்புவதற்கு ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் இருக்கின்றார்கள்; மொசிப்பின் நிரல் அவர்களுக்கும் இன்றே திறந்திருக்கின்றது.